குப்பைக்கு யார் காரணம்?

கேள்வி: எங்கள் புறநகரில் இப்போது பல மொழிக்காரர்கள், பல மதத்துக்காரர்கள். தெருவெல்லாம் குப்பை, ராத்திரியில் சத்தம், விளக்கும் எரிவதில்லை. இத்தனை விதமான மக்கள் வந்ததால்தான் ஊர் கெட்டதா?

பதில்: தொல்லை உண்மைதான், ஆனால் பழியை அவசரமாக அக்கம்பக்கத்தார் தலையில் போடாதீர்கள். சமூகவியலாளர்கள் ராபர்ட் சாம்ப்சனும் ஸ்டீபன் ராடன்புஷும் சிகாகோ தெருக்களில் நேரில் பதிவான சீர்கேட்டை மக்கள் சொன்னதோடு ஒப்பிட்டு 2004இல் எழுதினார்கள்: சீர்கேடு ஒரே அளவில் இருந்தாலும், கறுப்பினத்தவர் அதிகம் வாழும் பகுதி கூடுதல் மோசமாகவே கண்ணில் படுகிறது, அதுவும் கறுப்பினத்தவர் கண்ணுக்கே கூட! இதே ஊரின் 343 பகுதிகளைப் பார்த்த 1997 ஆய்வில், ஒருவரையொருவர் நம்பி, தப்பு நடந்தால் தட்டிக்கேட்கும் இடங்களில் வன்முறை குறைவாக இருந்தது. சரி, என்ன செய்யலாம்? எரியாத விளக்குக் கம்பத்தின் எண்ணைக் குறித்து, எல்லா மொழிக்காரரிடமும் கையெழுத்து வாங்கி உள்ளாட்சியில் கொடுங்கள். வீடுகள் பெருகிய அளவுக்குக் குப்பை வண்டிகள் பெருகினவா என்று விடாமல் கேளுங்கள். அப்புறம், குப்பை எடுக்கும் நாளைச் சொல்லும் அறிவிப்பு புதிதாக வந்தவர்கள் படிக்கிற மொழியில் இருக்கிறதா, அதையும் பாருங்கள். சத்தத்துக்கு முதலில் கதவைத் தட்டிப் பேசுங்கள், கேட்காவிட்டால் புகார் கொடுங்கள்.