வாசகர் கேள்வி: உறைக்குள் ஒரு மெல்லிய தாள்

கேள்வி: எங்கள் விடுதியில் வெளிநாட்டு விருந்தினர் ஒருவர் பல ஆண்டுகளுக்கு முன் விட்டுச்சென்ற ‘பிக் பாம்பு’ என்னும் இசைத்தட்டின் உறைக்குள் பெரிய மெல்லிய தாள் ஒன்று இருக்கிறது. அட்டையில் உள்ள சீச், சோங் என்போர் யார்?
– வாசகர், கொடைக்கானல்

பதில்: முதலில் அந்தத் தாளைக் கிழியாமல் பத்திரப்படுத்துங்கள். பாம்பு என்றதும் மிரள வேண்டாம். அது சிகரெட் சுருட்டும் தாளின் வணிகப் பெயர். அந்தத் தாள் கட்டைப் போலவே அட்டையை வடிவமைத்து, உள்ளே ராட்சத அளவில் ஒரு தாளையும் வைத்து 1972இல் வெளியிட்ட குறும்புக்கார நகைச்சுவை இரட்டையர் இவர்கள். லாஸ் ஏஞ்சலஸில் பிறந்த மெக்சிக வம்சாவளியினரான சீச் மரினும், சீனத் தந்தைக்குக் கனடாவில் பிறந்த டாமி சோங்கும் 1960களின் இறுதியில் வான்கூவரில் சந்தித்து, ஹிப்பிகளின் கஞ்சா மயக்கத்தையே நகைச்சுவையாக்கினார்கள். கதவைத் தட்டி “நான்தான் டேவ், திற” என்று ஒருவர் கெஞ்ச, உள்ளிருப்பவர் “டேவ் இங்கே இல்லை” என்று திரும்பத் திரும்பச் சொல்லும் துணுக்கு இவர்களுடைய உச்சம். இருவர் குரலும் ஒரு கதவும் போதுமாயிருந்தன. 1973இல் வந்த தொகுப்புக்குக் கிராமி விருது கிடைத்தது. 1978 முதல் திரைப்படங்கள். 1980களின் நடுவில் பிரிந்தார்கள். கஞ்சாக் குழாய் விற்ற வழக்கில் சோங் ஒன்பது மாதம் சிறையிலும் இருந்தார். 2008இல் மீண்டும் ஒரே மேடையில் ஏறியபோது சோங்குக்கு வயது எழுபது.