கிறிஸ்துமஸ் சமயத்தில் எங்கள் ஊர் மன்றத்துக்குப் பணம் திரட்ட நல்ல வழி என்ன?

சின்ன மன்றம், மாலை வகுப்பு நடத்துகிறோம், டிசம்பரில் கொஞ்சம் நிதி சேர்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். நாகர்கோவில் பக்கத்தில் எங்கள் ஊரிலும் ஏறக்குறைய அதே கதைதான். ஒரு படிப்பகம், அதில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலையில் பாடம். நாலு டிசம்பர் வசூலுக்கு இறங்கியிருக்கிறோம், முதல் இரண்டும் சொதப்பல்.

முதல் வருடம் குலுக்கல் சீட்டு போட்டோம். இருபது ரூபாய் சீட்டு, முதல் பரிசு மிக்சி. எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இதில் ஒரு மயக்கம் உண்டு. களியக்காவிளையைத் தாண்டினால் கேரள அரசே லாட்டரி விற்கிறது, கிறிஸ்துமஸ் பம்பர் சீட்டு கடைக்குக் கடை தொங்கும். அதைப் பார்த்தே வளர்ந்ததால் நாமும் போட்டால் என்ன என்று தோன்றிவிட்டது. ஆனால் தமிழ்நாட்டில் 2003 முதல் லாட்டரிக்குத் தடை. அதற்கு முன்பே, 1979-ல் வந்த பரிசுத் திட்டத் தடைச் சட்டமும் இருக்கிறது. அச்சகத்திலிருந்து சீட்டுப் புத்தகம் வந்த அன்று, ஓய்வுபெற்ற ஏட்டு மாமா ஒருவர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதை இன்னைக்கே அடுப்புல போடுங்க மக்ளே" என்றார். போட்டோம். அச்சுக்கூலி போனதுதான் மிச்சம்.

அடுத்த வருடம் கேரல், அதாவது கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடி வசூல். டிரம், கீபோர்டு, கிறிஸ்துமஸ் தாத்தா வேஷம் எல்லாம் தயார். ஆனால் தேவாலயச் சபையிலிருந்து ஏற்கெனவே வீடு வீடாக கேரல் போகிறார்கள், அதற்கென்று வீட்டில் கவர் எடுத்து வைத்திருப்பார்கள். நாங்கள் போய் நின்றால், "நேத்துதானே குடுத்தோம்?" என்று கேட்கிறார்கள். இது வேறு, படிப்பகத்துக்கு என்று நடுராத்திரி வாசலில் நின்று விளக்க வேண்டியதாயிற்று. சபைக் கமிட்டிக்காரர்களுக்கும் வருத்தம், அது நியாயமான வருத்தம்தான். கேரலைச் சபைக்கு விட்டுவிடுங்கள்.

மூன்றாம் வருடம்தான் கேட்கும் விதத்தை மாற்றினோம். 1891-ல் சான் பிரான்சிஸ்கோவில் ஜோசப் மெக்ஃபீ என்ற, இரட்சணிய சேனை (சால்வேஷன் ஆர்மி) என்னும் கிறிஸ்தவ அமைப்பின் அதிகாரி, ஏழைகளுக்கு கிறிஸ்துமஸ் சாப்பாடு போடப் பணமில்லாமல், படகுத்துறையில் ஒரு சமையல் பாத்திரத்தைத் தொங்கவிட்டுக் காசு போடச் சொன்னார். நாகர்கோவிலில் கேதரின் பூத் ஆஸ்பத்திரி நடத்துகிறார்களே, அதே இரட்சணிய சேனைதான். பாத்திரத்தைப் பார்த்தாலே காசு எதற்கு என்று புரிந்துவிடுகிறது அல்லவா? நாங்கள் அதுவரை 'படிப்பக வளர்ச்சி நிதி' என்று கேட்டுக்கொண்டிருந்தோம். அந்தப் பேருக்கு யார் கொடுப்பார்கள்? ஒரு தட்டியில் நாலே வரி எழுதி வாசலில் வைத்தோம்: சீலிங் ஃபேன் இரண்டு, வெள்ளைப் பலகை ஒன்று, ஒரு வருட நாளிதழ்ச் சந்தா, பத்தாம் வகுப்பு கைடு பன்னிரண்டு செட். ஒவ்வொன்றுக்கும் விலை. ஒரு ஃபேனை ஒரே ஆள் வாங்கிக் கொடுத்துவிட்டார், அவர் வீட்டுப் பையன் அந்த ஃபேனுக்குக் கீழேதான் உட்காருவான்.

அப்புறம் கேக். பேக்கரியில் பேசி ஒரு கிலோ பிளம் கேக்கை 360-க்கு வாங்கி 440-க்குக் கொடுத்தோம். முதல் தடவை ஆர்டருக்கு மேல் முப்பது கூடுதலாக எடுத்துவிட்டு, பதினேழு தேங்கி, புத்தாண்டுக்கு அடக்க விலைக்குத் தள்ளினோம். மறுவருடம் பாதிப் பணம் முன்கூட்டியே, 15-ஆம் தேதியோடு ஆர்டர் கட் என்று வைத்தோம். 112 கேக், ஒன்றுக்கு எண்பது ரூபாய் என்று 8,960 நின்றது. நீங்களே சுட்டு விற்கலாம் என்று யாராவது சொல்வார்கள். கேட்காதீர்கள், டிசம்பர் மழையில் கரண்ட் போனால் தெரியும்.

ஆனால் எங்களுக்குக் கைகொடுத்தது ஏலம். சபை அறுப்பின் பண்டிகைகளில் கோழி, முட்டை, வாழைக்குலை எல்லாம் ஏலம் போவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அதையே கிறிஸ்துமஸ் முடிந்து இரண்டாம் நாள் மாலை, படிப்பக முற்றத்தில் வைத்தோம். வளைகுடாவிலிருந்து லீவுக்கு வந்தவர்கள் அன்று ஊரில் இருப்பார்கள், பண்டிகைப் பரபரப்பும் அடங்கியிருக்கும். ஒரு உறுப்பினர் தோட்டத்து மட்டி வாழைக்குலையைப் பெஞ்சில் வைத்து இருநூறில் ஆரம்பித்தோம். சவூதியில் வேலை பார்க்கும் ஒரு அண்ணன் 900-க்கு எடுத்தார், எடுத்த கையோடு "திரும்ப விடுங்க" என்றார், பணத்தைக் கொடுத்துவிட்டு குலையை மறுபடி ஏலத்துக்கே விட்டுவிட்டார். அடுத்து 1,050, அதையும் திரும்ப விட்டார்கள். அடுத்து 1,100. கடைசியில் மீன் விற்கும் அக்கா ஒருத்தர் 1,300 சொல்லி, ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம் முடிந்ததும் குலையை அங்கேயே சீப்பு சீப்பாகப் பிய்த்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டார். ஒரு குலை, 4,350 ரூபாய். பழம் ஒரு நிமிஷத்தில் காலி.

ஒன்று, ஏலப் பணத்தை அந்த இடத்திலேயே வாங்கிவிடுங்கள். உற்சாகத்தில் சத்தமாகக் கேட்டுவிட்டு "நாளைக்குத் தாறேன்" என்று போன ஒருவரிடமிருந்து பிப்ரவரியில்தான் பணம் வந்தது. க்யூஆர் அட்டையைப் பெஞ்சிலேயே ஒட்டிவையுங்கள். அது மன்றத்தின் வங்கிக் கணக்குக்குப் போக வேண்டும், செயலாளரின் சொந்தக் கணக்குக்குப் போனால் பேச்சு வரும்.

வெளிநாட்டுப் பணத்தில் கவனம். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் துபாயிலிருந்து தன் சேமிப்பை வங்கி வழியாக அனுப்பினால் சிக்கலில்லை. அமெரிக்க, கனடாக் குடியுரிமை வாங்கிவிட்டவர், பிறந்தது நம்மூரே ஆனாலும், சட்டப்படி வெளிநாட்டு ஆள். வெளிநாட்டு நன்கொடைச் சட்டமான எஃப்சிஆர்ஏ-வின் கீழ் பதிவோ அனுமதியோ இல்லாத மன்றம் அவர் பணத்தை வாங்கக் கூடாது. ஒரு சொந்தக்காரரிடமே வேண்டாம் என்று சொல்ல வேண்டியிருந்தது, கஷ்டமாகத்தான் இருந்தது.

வரிச்சலுகை கிடைக்குமா என்று சம்பளக்காரர்கள் கேட்பார்கள். நன்கொடைக்கு வரிச்சலுகை தரும் 80ஜி அனுமதி மன்றத்துக்கு இல்லையென்றால் இல்லை என்றே சொல்லுங்கள். அனுமதி இருந்தாலும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வரிக் கழிவு கிடையாது, புதிய வரி முறையில் இருப்பவர்களுக்கு எப்படிக் கொடுத்தாலும் கிடையாது.

கேட்க நல்ல நேரம் டிசம்பர் முதல் வாரம். சம்பளம் வந்திருக்கும், துணிக்கடைக்கு இன்னும் போயிருக்க மாட்டார்கள். அரையாண்டுத் தேர்வு நடக்கும்போது பிள்ளைகளை வசூலுக்கு இழுக்காதீர்கள், மாலை வகுப்பு நடத்துகிறவர்கள் அதைச் செய்தால் நன்றாக இருக்காது. கார்பன் வைத்த ரசீது புத்தகத்தை நவம்பரிலேயே அடிக்கக் கொடுத்துவிடுங்கள். டிசம்பர் பிறந்துவிட்டால் அச்சகத்தில் காலண்டர் வேலை குவிந்துவிடும், நம்முடைய இரண்டு புத்தகத்தை யாரும் சீண்ட மாட்டார்கள்.