ஆள் எடுப்பது பற்றிக் கேளுங்கள்: ஒரு பட்டறைக்காரரின் பதில்கள்

வணக்கம். கோவை கணபதியில் ஜாப் ஆர்டர் பட்டறை, அதாவது மற்ற கம்பெனிகள் கேட்கும் பாகங்களைக் கடைந்து கொடுக்கும் பட்டறை நடத்துகிறேன். இரண்டு லேத் (கடைசல் மெஷின்), கணினியில் ஓடும் நான்கு சிஎன்சி மெஷின், பதினான்கு பேர். பத்தொன்பது வருடத்தில் ஆள் எடுப்பதில் நிறையத் தவறு செய்து நிறையக் கற்றிருக்கிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி (லேத் பட்டறை, பொள்ளாச்சி): அண்ணா, வருகிறவர்கள் எல்லோரும் "எல்லா மெஷினும் ஓட்டுவேன்" என்கிறார்கள். சேர்த்த பிறகுதான் விஷயம் தெரிகிறது. இன்டர்வியூவில் என்ன கேட்பது?

கேட்பதைக் குறைத்துக்கொண்டு, செய்யச் சொல்லிப் பாருங்கள். நான் ஒரு ராடு துண்டு, ஒரு ட்ராயிங், அளக்க ஒரு வெர்னியர் மூன்றையும் மேசையில் வைத்துவிட்டுப் பக்கத்தில் நிற்பேன். வெர்னியரைக் கையில் எடுத்ததும் அதன் இரண்டு தாடையையும் சேர்த்து மூடி ஜீரோ சரியாக நிற்கிறதா என்று பார்க்கிறாரா? பீஸைப் பனியன் வேஸ்டில் துடைத்துவிட்டு அளக்கிறாரா, எண்ணெயும் பிசிறுமாக அப்படியே அளக்கிறாரா? லேத்தில் பீஸைப் பிடிக்கும் 'சக்'கை இறுக்கியதும் சாவியைக் கழற்றிய பிறகுதான் சுவிட்ச் பக்கம் கை போகிறதா? இந்த மூன்றும் பழக்கத்தில் வருபவை, வாயால் சொல்லிக் காட்ட முடியாதவை. சாவியைச் சக்கிலேயே விட்டு மெஷினைப் போட்டால் அது பறந்து வந்து முகத்தில் அடிக்கும். அப்படி விடுகிறவர் எத்தனை வருட அனுபவம் சொன்னாலும் நான் மெஷினில் நிறுத்துவதில்லை.

அரை நாள் வேலை வாங்கினால் அரை நாள் சம்பளத்தைக் கையில் கொடுத்து அனுப்புங்கள், எடுத்தாலும் எடுக்காவிட்டாலும். அவரும் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறார்.

அப்புறம், "தெரியாது" என்று சொல்கிறவரைக் கவனியுங்கள். மரை வெட்டத் தெரியுமா என்று ஒரு பையனிடம் கேட்டேன். "செய்ததில்லைங்க, ஒரு தடவை காட்டினால் பிடித்துக்கொள்வேன்" என்றான். இன்று இரவு ஷிப்டில் செட்டிங் முழுக்க அவன் கையில்தான் இருக்கிறது.

கேள்வி (பம்ப் உதிரிபாகம், கோவை): விளம்பரத்துக்கு ஆளே வருவதில்லை. எங்கே தேடுவது?

முதலில் உங்களிடம் வேலை பார்ப்பவர்களிடம் கேளுங்கள். ஆள் கொண்டுவருபவருக்கு ஊக்கத்தொகை கொடுப்பதாக இருந்தால், புது ஆள் மூன்று மாதம் நின்ற பிறகு கொடுங்கள். அப்போது தன் பேர் கெடாத ஆளாகப் பார்த்துக் கூட்டி வருவார்கள்.

அடுத்தது ஐடிஐ, அதாவது அரசு, தனியார் தொழிற்பயிற்சி நிலையங்கள். வருடக் கடைசியில் போய் நிற்காமல், நடுவிலேயே போய் டர்னர், மெஷினிஸ்ட் டிரேடு ஆசிரியர்களிடம் பழகுங்கள். எந்தப் பையனுக்குக் கைவேலை சுத்தமாக வரும் என்று அவர்களுக்குத் தெரியும். அப்ரன்டிஸ் (தொழில் பழகுநர்) சட்டத்தில் 30 பேரும் அதற்கு மேலும் இருந்தால்தான் அப்ரன்டிஸ் எடுப்பது கட்டாயம். 4 முதல் 29 பேர் வரை உள்ளவர்கள் விரும்பினால் எடுக்கலாம். தேசிய அப்ரன்டிஸ் ஊக்குவிப்புத் திட்டத்தில் பதிந்தால் உதவித்தொகையில் 25 சதவீதம் வரை, ஒரு வரம்புக்குள், அரசு ஏற்கிறது. ஆனால் அப்ரன்டிஸைப் பெருக்கவும் டீ வாங்கவும் வைத்துக்கொண்டால் வருடம் முடிந்ததும் போய்விடுவான். போவதும் நியாயம்தான். தமிழ்நாடு தனியார் வேலைவாய்ப்பு இணையதளத்திலும் பதிந்து வையுங்கள்.

கேள்வி (பேக்கரி, மதுரை): மாஸ்டர் ஐம்பதாயிரம் முன்பணம் கேட்கிறார். கொடுத்தால்தான் வருவாராம்.

எனக்குப் பிடிக்காத ஏற்பாடு இது. ஓடிவிடுவாரோ என்று நீங்கள் பயந்துகொண்டே இருப்பீர்கள், கடன் தீரும்வரை வெளியேற முடியாதே என்று அவர் புழுங்கிக்கொண்டே இருப்பார். கடனைக் காட்டி ஒருவரை வேலையில் கட்டிப்போடுவது 1976ஆம் வருடச் சட்டப்படி கொத்தடிமை முறை, குற்றம். ஒரிஜினல் சான்றிதழை வாங்கிப் பூட்டி வைப்பதும் வேண்டாம்.

அவருக்கு என்ன அவசரம் என்று உட்கார்ந்து கேளுங்கள். வீட்டு அட்வான்ஸா, பிள்ளையின் பள்ளிக் கட்டணமா? கொஞ்ச நாள் வேலை பார்த்த பிறகு, உங்களால் தாங்கக்கூடிய ஒரு தொகையைக் கொடுத்து உதவுங்கள். போனாலும் சண்டை இல்லாமல் விடக்கூடிய தொகையாக இருக்கட்டும்.

கேள்வி (ஜவுளிக்கடை, கும்பகோணம்): ஐயா, விற்பனைக்கு எடுக்கும் பெண்கள் இரண்டு மாதம்கூட நிற்பதில்லை.

சகோதரி, உங்கள் கடையில் அவர்கள் உட்கார இடம் இருக்கிறதா? தமிழ்நாட்டில் கடை ஊழியர்களுக்கு இருக்கை கட்டாயம் என்று 2021இல் சட்டத் திருத்தமே வந்தது. காலை பத்து முதல் இரவு ஒன்பது வரை நின்றால் கால் வீங்கும். ஒரு ஸ்டூல், சுத்தமான கழிப்பறை, இரவு கடைசி பஸ்ஸுக்கு முன் வீட்டுக்கு அனுப்புவது, இந்த மூன்றையும் சரிசெய்துவிட்டு அடுத்த ஆளைத் தேடுங்கள்.

கேள்வி (ஹார்டுவேர் கடை, ஈரோடு): கணக்குக்கு ஆள் வேண்டும். டாலி (கணக்கு மென்பொருள்) தெரியும் என்று எல்லோரும் சொல்கிறார்கள்.

பத்து கொள்முதல் பில்லைக் கொடுத்து ஏற்றச் சொல்லுங்கள். நடுவில் ஒன்று பெங்களூரு பில்லாக இருக்கட்டும். வெளிமாநிலப் பில்லில் ஐஜிஎஸ்டி வரும், உள்ளூர்ப் பில்லில் சிஜிஎஸ்டியும் எஸ்ஜிஎஸ்டியும் வரும். அதைச் சரியாகப் பிரிக்கிறாரா, சந்தேகம் வந்தால் உங்களிடம் கேட்கிறாரா என்று பாருங்கள். கேட்கிறவரை எடுங்கள்.

கேள்வி (அச்சகம், சிவகாசி): சொந்தக்காரப் பையனைச் சேர்க்கலாமா?

மற்றவர்களுக்கு வைத்த அதே சோதனையும் அதே சம்பளமும் என்றால் சேருங்கள். அதை அவன் வீட்டில் முதலிலேயே சொல்ல முடியாது என்றால் வேண்டாம்.

கேள்வி (பிளாஸ்டிக் மோல்டிங், ஓசூர்): பெரிய கம்பெனி கொடுக்கும் சம்பளத்தை நம்மால் கொடுக்க முடியாதே?

முடியாதுதான். ஆனால் ஏழாம் தேதி என்றால் ஏழாம் தேதி கொடுக்க முடியும். ஓவர்டைம் கணக்கை அவர்களே பார்க்கும்படி எழுதி வைக்க முடியும். 10 பேர் ஆனாலே இஎஸ்ஐ, அதாவது தொழிலாளர் மருத்துவக் காப்பீடு வந்துவிடுகிறது. சம்பளத்தில் முதலாளி பங்கு 3.25 சதவீதம், தொழிலாளி பங்கு 0.75. சிலர் இதைத் தவிர்க்க ஒன்பது பேர் என்று எழுதுகிறார்கள். என் பட்டறையில் ஒருவருடைய மனைவிக்கு ஆபரேஷன் நடந்தது, இஎஸ்ஐயில் பார்த்ததால் கடன் வாங்காமல் முடிந்தது. அடுத்த வாரமே பக்கத்துப் பட்டறையிலிருந்து இரண்டு பேர் வேலை கேட்டு வந்தார்கள்.

கேள்வி (கிரில் பட்டறை, சேலம்): சேர்ந்த மூன்றாம் நாள் சொல்லாமலே போய்விடுகிறார்கள். என்ன காரணம்?

எனக்கும் அப்படி ஒரு பையன் போனான். திண்டுக்கல் பக்கம், நல்ல கை. போன் செய்து என்ன குறை என்று கேட்டேன். ரொம்ப நேரம் தயங்கிவிட்டு, "சாப்பிட யாரும் கூப்பிடலைங்க" என்றான். மூன்று நாளும் மெஷினுக்குப் பின்னால் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறான். எனக்கு அது தெரியவே இல்லை. அவன் திரும்பி வரவில்லை. அன்றிலிருந்து புது ஆள் சேர்ந்த முதல் வாரம் மதியச் சாப்பாடு நானும் கீழேதான், அவர் பக்கத்தில்.