ஆஷ் கட்டையில் பிள்ளையார் வருவாரா?

கேள்வி: எங்கட வீட்டுப் பின்வளவில் நின்ற ஆஷ் மரம் பச்சை வண்டால் பட்டுப்போக, போன கிழமை வெட்டிவிட்டோம். அடிமரத்தில் நாலு துண்டு எடுத்து வைத்திருக்கிறேன். பிள்ளையார் செதுக்க ஆசை. வண்டு தின்ற மரம் உளுத்திருக்குமோ? (வாசகர், ஸ்கார்பரோ, கனடா)

பதில்: உளுத்திருக்காது. கிழக்கு ஆசியாவிலிருந்து வந்த அந்த வண்டை வட அமெரிக்காவில் 2002இல் டெட்ராய்ட், வின்ட்சர் பக்கம் முதலில் கண்டுபிடித்தார்கள், 2007இல் டொராண்டோவிலும் பார்த்தார்கள். அதன் புழு பட்டைக்கு அடியில்தான் வளைந்து வளைந்து தின்னும். அதனால் மரத்துக்குச் சத்து போகிற வழி அறுந்துபோகும், உள்கட்டை அப்படியே இருக்கும். ஆனால் பட்டுப்போய் ரொம்ப நாள் நின்ற மரம் என்றால் நொறுங்கும், அதனால் ஒரு சீவல் எடுத்துப் பாருங்கள், நீளமாகச் சுருண்டு வந்தால் சரி. ஒன்று மட்டும், கட்டையை வேறு ஊரில் இருக்கும் நண்பருக்கு என்று காரில் ஏற்றிவிடாதீர்கள், வண்டு ஊர் ஊராகப் போனதே இப்படித்தான்.

இனி அவசரமான வேலை. உருண்டைத் துண்டாக விட்டால் வெடிக்கும், என் முதல் ஆஷ் துண்டு இரண்டே வாரத்தில் நடுவரை பிளந்து கிடந்தது, இன்னும் மனசு ஆறவில்லை. இன்றைக்கே ஆப்பு வைத்து நடுவழியாக இரண்டாகப் பிளந்துவிடுங்கள். ஆஷ் நார் நேராக ஓடும், அழகாகப் பிளக்கும், கோடரிக் காம்பும் பேஸ்பால் மட்டையும் அயர்லாந்துக்காரர்களின் ஹர்லிங் மட்டையும் இதில் செய்வது அந்த நாரின் உறுதிக்காகத்தான். நடுக்குருத்தைச் செதுக்கி எறிந்துவிட்டு, வெட்டுமுனைகளில் மெழுகோ பழைய பெயிண்டோ தடவி வையுங்கள்.

இப்போது பிள்ளையார். கண், விரல், கிரீடம், நகை என்று நுணுக்கமாக வேண்டுமென்றால் ஆஷ் வேண்டாம், பாஸ்வுட் என்கிற மெத்தென்ற மரம் வாங்குங்கள். ஆஷ் அதைவிட மூன்று மடங்கு கடினம், அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், இதன் வளையங்கள்தான் பாடாய்ப் படுத்தும். வசந்தத்தில் வளர்ந்த பகுதி கண்ணுக்கே தெரிகிற துளைகளோடு மெத்தென்று இருக்கும், கோடையில் வளர்ந்தது இறுகிக் கிடக்கும், உளி ஒன்றில் புதைந்து அடுத்ததில் முட்டி நிற்கும், சின்ன விரல் செதுக்கினால் உதிர்ந்துவிடும்.

ஆனால் அதே வளையங்கள் பெரிய தொந்தி வயிற்றில் என்ன செய்யும் தெரியுமா? பட்டைப் பக்கத்தை முன்னால் வைத்து உருட்டிச் செதுக்கினால், குளத்தில் கல் போட்டதுபோல் கோடுகள் வட்டம் வட்டமாக வரும். எந்த நகையும் வேண்டாம். அதனால் உட்கார்ந்த பிள்ளையாரைப் பெரிய உருவமாக, கண்ணுக்கு வெறும் பள்ளம் மட்டும் விட்டுச் செய்யுங்கள், துதிக்கை வயிற்றோடு ஒட்டியே இருக்கட்டும், தனியாக நீட்டினால் நாருக்குக் குறுக்கே முறியும். ஈரம் இருக்கும்போதே கொட்டாப்புளியும் வளைவு உளியும் கொண்டு முரட்டு வடிவத்தை எடுத்து, கொஞ்சம் தடிப்பாகவே விட்டு, காகிதப் பையில் சுற்றி ஹீட்டர் படாத இடத்தில் சில மாதம் காயவிட்டு, அப்புறம் உளியை நன்றாகத் தீட்டிக்கொண்டு முடியுங்கள். உப்புத்தாள் போடும்போது முகக்கவசம் கட்டாயம்.

கேள்வி: மிச்சத் துண்டில் அகப்பை செய்யலாமா? (அதே வாசகர்)

பதில்: செய்யலாம், ஆனால் அந்தத் துளைகளில் குழம்பும் மஞ்சளும் ஏறிக்கொள்ளும். பழக்கூடையாக ஒரு கிண்ணம் குடையுங்கள், இல்லையென்றால் உங்கள் உளிகளுக்கே பிடி போடுங்கள். ஆளிவிதை எண்ணெய் பூசினால் போதும். எண்ணெய் துடைத்த துணியைக் கசக்கி மூலையில் போடாதீர்கள், தானாகவே தீப்பிடிக்கும், வெளியே விரித்துக் காயப்போடுங்கள்.

கேள்வி: ஒதிய மரத்துக்கு இன்டியன் ஆஷ் என்று பெயர் பார்த்தேன். இரண்டும் ஒன்றா? (வாசகி, பெரம்பலூர்)

பதில்: இல்லைங்க. ஆஷ் நம் மல்லிகையும் ஆலிவும் இருக்கிற குடும்பம், ஒதி மாமரத்தின் குடும்பம். ஒதி பெருத்தாலும் உத்தரம் ஆகாது என்று நம் ஊரில் சொல்வார்கள், ஆஷிலோ ஏர்க்கால் பலத்துக்குக் காம்பு போடலாம். ஆங்கிலத்தில் ஆஷ் என்றால் சாம்பல் என்றும் பொருள், ஆனால் சாம்பலுக்கும் ஆஷ் மரத்துக்கும்கூடச் சம்பந்தம் கிடையாது. பழைய ஆங்கிலத்தில் இந்த மரத்தின் பெயருக்கு ஈட்டி என்றும் பொருள், ஈட்டிக் காம்பும் இதில்தான் செய்தார்கள்.