மடிப்பு வெடிக்காமல், அட்டை வளையாமல் இருக்க

அம்மாவின் 60-ஆவது பிறந்தநாளுக்குச் செய்யும் வாழ்த்து அட்டை மடிப்பில் வெள்ளையாக வெடிக்கிறது, பூ ஒட்டிய இடம் மறுநாள் வளைந்துவிடுகிறது என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் கைமேல் தப்பில்லை. காகிதத்துக்கும் மரம்போல இழையோட்டம் உண்டு, அதனால் வெட்டுவதற்கு முன்னால் நீளவாக்கிலும் குறுக்கிலும் லேசாக வளைத்துப் பாருங்கள், எப்படி வளைத்தால் எளிதாக வளைகிறதோ அந்த வாக்கில்தான் மடிக்க வேண்டும். மை தீர்ந்த பேனாவால் ஸ்கேல் வைத்து ஒரு கோடு அழுத்திவிட்டு, பள்ளம் வெளிப்பக்கம் வரும்படி மடியுங்கள்.

அப்புறம் பசை. நம் தென்னாப்பிரிக்க டர்பன் நகரத்து ஜனவரி ஈரக்காற்றில் வெள்ளைப் பசை சீக்கிரம் காயாது, அதிலுள்ள தண்ணீரைக் குடித்துக் காகிதம் உப்பிவிடும். இருபக்க டேப் போதும்.

உள்ளே நாலு வரி தமிழில் உங்கள் கையாலேயே எழுதுங்கள், எழுத்து கோணினாலும் சரி. டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் இருந்த வீட்டில் என் பாட்டி கடைசிவரை சாமிப்படத்துக்குப் பின்னால் வைத்திருந்தது அப்படி ஒன்றைத்தான்.