அப்பார்ட்மென்ட் புல்வெளியில் வைக்க 6 அடி காற்றுப் பொம்மையை வீட்டிலேயே தைக்க முடியுமா?

முடியும். பெங்களூரில் சிக்பேட்டை துணிக்கடைகளில் குடைத்துணி போன்ற, பூச்சு உள்ள மெல்லிய பாலியஸ்டர் கேளுங்கள். பருத்தி வேண்டாம், காற்று நிற்காது, நனைந்தால் கனத்துச் சரியும். 12 வோல்ட் ஊதுவிசிறிக்கு, மின்னணுப் பொருள் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோடு. விசிறி ஓடிக்கொண்டே இருப்பதால் தையலில் கொஞ்சம் காற்று கசிந்தால் பரவாயில்லை.

உண்மையான தலைவலி உருவம்தான். காற்று எதையும் உருண்டையாக்கவே பார்க்கும். முகம் தட்டையாக நிற்க, முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் உள்ளே துணிப்பட்டியால் இழுத்துத் தையுங்கள். பட்டி சேரும் இடத்தில் ஒட்டுத்துணி வைக்காவிட்டால் அங்கேதான் கிழியும். குண்டூசி குத்திய ஓட்டை மூடாது, அதனால் 1.5 செ.மீ. தையல் ஓரத்துக்குள்ளேயே குத்துங்கள்.

மெஷினுக்குப் பின்னால் துணியைத் தாங்க ஒரு நண்பர் அவசியம். பாரம் தொங்கினால் தையல் கோணும். அடியில் ஒரு ஜிப் வையுங்கள், மழை வந்தால் சட்டென்று காற்றை இறக்கலாம். கயிறு கட்ட நான்கு பக்கமும் துணி வளையங்கள் தையுங்கள். விசிறிக்கு மின்சாரம் தரும் அடாப்டர் மட்டும் நனையாத இடத்தில் இருக்கட்டும்.