கூலண்ட் எங்கே போகிறது? கார் கேள்விகளும் பதில்களும்

கேள்வி (கோவை): எட்டு வருடப் பெட்ரோல் கார். மாதம் அரை லிட்டர் கூலண்ட் (என்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) குறைகிறது. தரையில் ஒரு சொட்டு இல்லை. மெக்கானிக் என்ஜினின் மேல்பகுதியான ஹெட்டைக் கழற்றணும் என்கிறார்.

பதில்: அவசரப்படாதீர்கள், ஹெட்டைக் கழற்றுவது கடைசி வேலை. தரையில் சொட்டவில்லை என்பதால் வெளியே கசியவில்லை என்று ஆகாது. ஓடும்போது உள்ளே சுமார் ஒரு பார் அழுத்தம் இருக்கும். மெல்லிய கசிவு என்றால் கீழே விழும் முன்பே சூட்டில் ஆவியாகிவிடும். சாயம் மட்டும் படிந்து நிற்கும். டார்ச் அடித்து ரேடியேட்டரின் பிளாஸ்டிக் டேங்க் அலுமினியத்தோடு சேரும் ஓரம், ஹோஸ் கிளாம்ப், தெர்மோஸ்டாட் (சூட்டுக்கு ஏற்பத் திறந்து மூடும் வால்வு) இருக்கும் ஹவுசிங் எல்லாம் பாருங்கள். பச்சையாகவோ ரோஸாகவோ உப்புப் பூத்திருந்தால் அங்கேதான் கசிவு. வாட்டர் பம்ப்பின் அடியில் ஒரு சின்னத் துளை இருக்கும். சீல் போனால் தண்ணீர் வெளியே தெரியட்டும் என்று வைத்தது அது. அங்கே கறை வழிந்திருந்தால் பம்ப்பை மாற்றுங்கள், துளையை அடைக்காதீர்கள்.

கண்ணில் எதுவும் படவில்லையா? என்ஜின் முழுக்க ஆறிய பிறகு ரேடியேட்டர் மூடி இருக்கும் இடத்தில் பிரஷர் டெஸ்டரை (அழுத்தம் ஏற்றிப் பார்க்கும் கைப்பம்ப்) மாட்டி, அந்த மூடியில் எழுதியிருக்கும் அளவுக்கு மட்டும் ஏற்றி, அரை மணி நேரம் விடுங்கள். முள் இறங்கியும் வெளியே எங்கும் ஈரம் இல்லை என்றால்தான் உள்ளே சந்தேகப்படணும். அப்போது ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, போரோஸ்கோப் (மெல்லிய குழாய்க் கேமரா) விட்டுப் பாருங்கள். மற்ற பிஸ்டன்களில் கரி இருக்க, ஒன்று மட்டும் பளிச்சென்று இருந்தால் கூலண்ட் அந்த சிலிண்டரில்தான் எரிகிறது. கூலண்டில் எரிந்த புகை கலக்கிறதா என்று காட்டும் பிளாக் டெஸ்ட் திரவம் நீலத்திலிருந்து மஞ்சளானாலும் ஹெட் கேஸ்கெட் (ஹெட்டுக்கு அடியில் கசியாமல் அடைக்கும் தகடு) மேல் சந்தேகம் உறுதி. மூடியையும் அதே டெஸ்டரில் சோதியுங்கள். ஸ்பிரிங் தளர்ந்த மூடியே பல வண்டிகளில் காரணம்.

கேள்வி (மதுரை): ஆயில் மூடிக்கு அடியில் வெள்ளையாகப் பிசுபிசுப்பு. ஹெட் கேஸ்கெட்டா?

பதில்: மூடியில் மட்டும் என்றால், குறைந்த தூரமே ஓடும் வண்டியில் சேரும் ஈரமாக இருக்கலாம். ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கிலும் பால் கலந்த டீ நிறம் தெரிந்தால் ஸ்டார்ட் செய்யாதீர்கள்.

கேள்வி (ஓசூர்): டீசல் வண்டி. வெளியே கசிவு இல்லை, ஆயிலும் சுத்தம்.

பதில்: ஹெட்டைத் தொடும் முன் ஈஜிஆர் கூலரை (என்ஜினுக்குத் திரும்பும் புகையைக் கூலண்டால் ஆற்றும் பாகம்) கழற்றிச் சோதியுங்கள். உள்ளே விரிசல் விட்டால் கூலண்ட் புகையோடு போய்விடும்.

கேள்வி (சேலம்): வண்டியை நிறுத்திய கையோடு மூடியைத் திறந்து அளவு பார்க்கலாமா?

பதில்: கூடவே கூடாது, கொதிநீர் முகத்தில் அடிக்கும். ஆறிய பிறகுதான்.

கேள்வி (திருச்சி): அடிக்கடி ஓவர்ஹீட் ஆனது. மெக்கானிக் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றிவிட்டார், நம் வெயிலுக்குத் தேவையில்லையாம். இப்போது டெம்பரேச்சர் முள் ஏறவில்லை.

பதில்: கூலண்ட் குறைந்ததால்தான் சூடேறியிருக்கும். கசிவு அப்படியே இருக்கிறது, எச்சரிக்கை மட்டும் போய்விட்டது. என்ஜினுக்கு 85 முதல் 95 டிகிரி வரை வேண்டும். அதை எட்டாவிட்டால் ஈசியூ (என்ஜின் கணினி) கூடுதல் பெட்ரோல் ஊற்றிக்கொண்டே இருக்கும், தேய்மானமும் கூடும். வால்வைத் திரும்ப மாட்டச் சொல்லுங்கள்.

கேள்வி (ஈரோடு): திருச்சிக்காரருக்குச் சொன்னதை ஏற்க முடியவில்லை சார். நாங்கள் பல வருடமாகக் கழற்றித்தான் ஓட்டுகிறோம், அம்பாசடருக்கு என்ன ஆச்சு?

பதில்: கார்புரேட்டர் வண்டியில் சூட்டைப் பார்த்து எரிபொருளைக் கணக்கிட கணினி கிடையாது. அதை வைத்து இன்றைய வண்டியை எடை போடாதீர்கள். இன்னொன்று, பல என்ஜின்களில் வால்வு திறக்கும்போதே பைபாஸ் வழியை மூடும். அதைக் கழற்றினால் சூடான நீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்குப் போகாமலே என்ஜினுக்குள் திரும்பிவிடும். ஊருக்குள் முள் ஏறாது, நெடுஞ்சாலையில் ஏறும். வால்வு கெட்டிருந்தால் புதிது போடுங்கள்.

கேள்வி (கரூர்): என் வண்டியிலும் வால்வு இல்லை. பரவாயில்லையா?

பதில்: மேலே திருச்சிக்காரருக்கும் ஈரோட்டுக்காரருக்கும் சொன்னதேதான். மாட்டுங்கள்.

கேள்வி (வேலூர்): கசிவை அடைக்கும் ஸ்டாப் லீக் பவுடர் போடலாமா?

பதில்: வேண்டாம், ஹீட்டர் கோரை (கூலண்ட் சூட்டில் காருக்குள் வெப்பக் காற்று தரும் சின்ன ரேடியேட்டர்) அடைக்கும்.

கேள்வி (நெல்லை): டாப் அப்புக்கு போர் தண்ணீர் போதுமா?

பதில்: போதாது. உப்புப் படியும், அலுமினியம் அரிக்கும். டிஸ்டில்டு வாட்டரும் கூலண்டும் சரிபாதி, அல்லது ரெடிமிக்ஸ். சூட்டில் மூடியைத் திறந்து ஊற்றாதீர்கள்.

கேள்வி (தஞ்சை): ஏசி கூலிங் குறைகிறது.

பதில்: அது கூலண்ட் விஷயம் இல்லை, ஏசி மெக்கானிக்கிடம் போங்கள்.

கேள்வி (சென்னை): முன் சீட்டுக்கு அடியில் கார்பெட் ஈரம். ஏசி தண்ணீர் என்கிறார்கள்.

பதில்: தொட்டுப் பாருங்கள். ஏசி தண்ணீர் என்றால் வாசனை இருக்காது, கையில் ஒட்டாது. வழுவழுப்பும் இனிப்பு வாசனையும் இருந்து, கண்ணாடியிலும் எண்ணெய்ப்பசையாக மூடுபனி படிந்தால் ஹீட்டர் கோர் ஒழுகுகிறது. சிந்தியதை உடனே கழுவுங்கள். இனிப்பாக இருப்பதால் நாயும் பூனையும் நக்கும், கொஞ்சம் உள்ளே போனாலும் உயிருக்கு ஆபத்து.